ரெண்டாம் கேட்டுக்கு மேலே

நவம்பர் 12

ஆற்றுக்குள் இறங்கி இரண்டாவது நாள். சோறு அடிப்பிடித்துவிட்டது. சமைத்தது சாகுல். "லேசாப் புகை வாடை அடிக்கும், பிரியாணின்னு நெனச்சுக்கிடுங்க" என்று அடியில் இருந்ததை எங்கள் தட்டில் போட்டுவிட்டு, மேலாக இருந்த நல்ல சோற்றை அவன் எடுத்துக்கொண்டான். ஐஸ் பாக்டரி நடத்துகிறவனிடம் அடுப்பைக் கொடுத்தது எங்கள் தப்பு.

எழுதாமல் படுத்தால் எனக்கு வீட்டைப் பூட்டாமல் வந்த மாதிரி இருக்கும். துறைமுகத்தில் சுங்கக் கணக்கு எழுதுகிற கிளியரிங் ஏஜென்சி வேலை பார்த்துப் பார்த்து வந்த வியாதி. சுடலைமணி விடுவதில்லை. "என்னட்டி எழுதுத, ஆத்துக்கு டூட்டி போடுதியா?" என்கிறான். மணியும் நானும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். சாகுல் பிற்பாடு கடற்கரையில் வந்து ஒட்டிக்கொண்டவன். மூவரும் தூத்துக்குடிக் கடலில் கயாக் என்கிற ஒற்றையாள் படகு ஓட்டப் பழகி, கடல் போதாமல் ஆறு ஆறாக அலைந்து, இப்போது அருணாசலத்தில் தெயாங் என்கிற இந்த ஆற்றின் பிளவுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறோம். நாற்பது தாண்டிய மூன்று பேர். வீட்டில் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

இரண்டு பக்கமும் பாறை நட்டமாக நிற்கிறது. வானம் ஒரு வேட்டி அகலத்துக்குத்தான் தெரிகிறது. உள்ளே இறங்கிவிட்டால் ஆறு எங்கே வெளியே விடுகிறதோ அங்கேதான் வெளியேற முடியும். கீழே ஒரு தொங்குபாலம் இருக்கிறதாம். எவ்வளவு தூரம் என்று மேல் ஊரில் கேட்டதற்கு ஒருவர் அரை நாள் என்றார், அவர் தம்பி மூன்று நாள் என்றார். இரண்டு பேரும் படகில் போனதில்லை.

ஆறு பாறைகளுக்கு நடுவே சரிந்து பாய்கிற ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் தூத்துக்குடிப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். காலையில் வந்தது பழைய பஸ் ஸ்டாண்டு. எங்கே திரும்பினாலும் இடிக்கும், ஆனால் யாரும் சாக மாட்டார்கள். மதியம் வந்தது மட்டக்கடை. சாகுல் அதில் இறங்கவில்லை. மேலே நின்று பார்த்தான், ஹெல்மெட்டைக் கழற்றினான், "இன்னைக்குக் கண்ணு சரியில்ல" என்றான். மணி உடனே அவன் படகின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டான். இருவரும் பாறை மேல் சுமந்து கீழே கொண்டுபோனார்கள்.

எங்களுக்குள் அது சட்டம். பயமாக இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், கண்ணு சரியில்லை என்றால் போதும். ஏன் என்று கேட்கக் கூடாது. இரண்டாம் தடவை கூப்பிடக் கூடாது. பிறகு அதை வைத்துக் கிண்டலும் பண்ணக் கூடாது. மணி போட்ட சட்டம். முன்பு கர்நாடகத்தில் ஓர் ஆற்றில், வரமாட்டேன் என்றவனை வா வா என்று கூப்பிட்டு இறக்கிவிட்டான். அந்த ஆள் உயிரோடு கரைக்கு வந்தது மாதா புண்ணியம். அன்றைக்கு மணி வாந்தி எடுத்தான். அதிலிருந்து இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறான். மற்ற எல்லாவற்றிலும் கழுத்தறுப்புதான்.

நவம்பர் 13

மணிக்குக் கால் முறிந்துவிட்டது. இரண்டு வரி எழுதி அடித்தேன். எழுதியது எனக்கே புரியவில்லை.

நவம்பர் 14

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பெயர் வைக்கக்கூட லாயக்கில்லாத ஒரு சின்னப் பாய்ச்சல். மணிதான் முதலில் போனான். இரண்டு பாறைக்கு நடுவே தண்ணீர் அடியில் புகுந்து போகிற இடம் ஒன்று இருந்திருக்கிறது, மேலே இருந்து பார்த்தால் தெரியவில்லை. படகின் மூக்கு அதில் சொருகிக்கொண்டது. பின்னால் தண்ணீர் தள்ளத் தள்ளப் படகு நடுவில் மடங்கியது. உள்ளே அவன் கால் இருந்தது. சாகுல் கயிறு வீசி இழுத்தான். நான் பாறையில் குப்புறப் படுத்து அவன் மிதவை உடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். மணி வந்தான். படகு அப்படியே அடியில் போய்விட்டது. ஆபத்தென்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி அதில்தான் இருந்தது.

இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. துடுப்பை உடைத்து இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினோம். மணி சத்தம் போடவில்லை. நான்தான் போட்டேன்.

இப்போது ஒரு சரளைத் திட்டில் இருக்கிறோம். மேலே பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதால் மழை படாது. ஏறிப்போக வழி இல்லை. வந்த வழியே திரும்ப முடியாது, நேற்று ஓர் அருவியைக் கயிறு கட்டி இறங்கித்தான் வந்தோம். கீழே திட்டு முடிகிற இடத்தில் ஒரு பெரிய பாய்ச்சல். பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்குவதால் படகைச் சுமந்தும் கடக்க முடியாது. சாகுல் அதற்கு எங்கள் ஊர் ரயில்வே கேட்டின் பெயரை வைத்தான், ரெண்டாம் கேட்டு. "ரயில் போற வரைக்கும் நின்னுதான ஆவணும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

காலையில் சாகுலும் நானும் முனைப் பாறையில் ஏறிப் பார்த்தோம். மூன்று படியாக விழுகிறது. இரண்டாவது படியில் நடுவே ஒரு குழி. தண்ணீர் தன் மேலேயே திரும்பி விழுந்து சுருட்டுகிறது, அதில் போனவன் சுலபமாக வர முடியாது. இடது ஓரமாகச் சுவரை ஒட்டி ஒரு வழுக்கலான வழி இருக்கிறது. அதைப் பிடித்தால் கடந்துவிடலாம். ஆனால் நேற்றைய மழையில் தண்ணீர் ஏறி, கலங்கி, அந்த வழி ஒரு சாண்தான் தெரிந்தது.

இருப்பது இரண்டு படகு. ஒருவர் கீழே போய் ஆள் கூட்டி வர வேண்டும், ஒருவர் மணியோடு இருக்க வேண்டும். சாகுல் என்னைப் பார்த்தான். எங்கள் இருவரில் நான்தான் கொஞ்சம் நன்றாக ஓட்டுவேன், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டு மாற்றத் தெரிந்தவள் நான். முதலுதவி வகுப்புக்குப் போய் வந்ததும் நான்தான். அதனால் நான் இருக்கிறேன் என்றேன். நியாயமான காரணம்தானே. சாகுல் ஹெல்மெட் வாரைக் கொஞ்ச நேரம் இழுத்து இழுத்துப் பார்த்தான். "சரிட்டி, நா போறேன்" என்றான். ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் பொட்டலத்தை மணியின் தலைமாட்டில் வைத்து, "நா வாரதுக்குள்ள தீத்துராதிய" என்றான்.

முதல் படியில் நன்றாகத்தான் போனான். இரண்டாவதில் இடது ஓரத்தைத் தவறவிட்டான். படகு குழிக்குள் போய்க் கவிழ்ந்தது. மஞ்சள் அடிப்பாகம் மேலே தெரிந்தது, உள்ளே போனது, மறுபடி தெரிந்தது. மூன்றாவது படியிலும் கவிழ்ந்த மேனிக்கே போய் வளைவில் மறைந்துவிட்டது. அதற்கப்புறம் எழுந்திருப்பான். கவிழ்ந்த படகை உருட்டி எழுவதில் சாகுலை அடிக்க ஆள் கிடையாது.

மணியிடம் வந்து, "போயிட்டான்லே, சுத்தமாப் போயிட்டான்" என்றேன்.

"கீழ போயி துடுப்பத் தூக்கிக் காட்டுனானா?"

"காட்டுனான்."

மணி கண்ணை மூடிக்கொண்டான். இப்போது தூங்குகிறான். நாளை மறுநாளுக்குள் ஆள் வந்துவிடும்.

நவம்பர் 15

காலையிலிருந்து மழை. பாறைக் கூரைக்கு அடியில் படகைச் சாய்த்து வைத்துத் தடுப்பு கட்டினேன். ஒதுங்கிக் கிடந்த விறகைப் பொறுக்கி உள்ளே அடுக்கினேன். கேஸ் கொஞ்சம்தான் இருக்கிறது, டீக்கும் கொதிநீருக்கும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்குக் கட்டுப் பிரித்துக் கழுவிவிட்டேன். சட்டையைக் கிழித்துக் கொதிக்க வைத்துக் கட்டினேன். அவன் படுத்த மேனிக்கே ஒன்றுக்குப் போக டப்பாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். "ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து பாக்குத மூஞ்சிதான, திரும்புனா என்ன திரும்பாட்டி என்ன" என்றான். "மூஞ்சிய மட்டுந்தாம்லே பாத்திருக்கேன்" என்றேன். சிரித்தோம். சிரித்தால் அவனுக்குக் கால் வலிக்கிறது.

சாகுல் இந்நேரம் பாலத்துக்குப் போயிருப்பான். பாலத்திலிருந்து ரோடு, ரோட்டிலிருந்து போலீஸ், போலீஸிலிருந்து ஹெலிகாப்டர். மணி விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தான். ஒவ்வொன்றுக்கும் நான் ஆமாம் போட்டேன்.

நவம்பர் 16

மழை விடவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்ததால் மணியை மேல் தட்டுக்கு இழுத்தேன். அவன் கையால் ஊன்றித் தள்ள, நான் கக்கத்தில் கை கொடுத்து இழுக்க, நாலு முழத் தூரத்துக்கு அரை நாள் ஆயிற்று. முடிந்ததும் இரண்டு பேரும் அழுதோம். அவன் வலியில் அழுதான். நான் எதற்கு அழுதேன் என்று தெரியவில்லை.

மாலையில் காய்ச்சல் வந்துவிட்டது. புண்ணுக்குக் கொடுத்துவந்த மாத்திரை இன்றோடு தீர்ந்தது. யாருக்கோ பல்வலி வரும் என்று வாங்கியது, அதற்கு மேல் எப்படி இருக்கும்.

பேச்சியைப் பற்றியே பேசுகிறான். பேச்சி அவன் மனைவி. கிளம்புகிற அன்று அவனோடு பேசவில்லையாம். மகளுக்கு அரையாண்டுப் பரிட்சை வரப்போகிற நேரத்தில் ஆறு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கேட்டிருக்கிறாள். "டிபன் கட்டிக் குடுத்தா. மூஞ்சியப் பாக்கல" என்றான். "என்ன டிபன்?" என்று கேட்டேன். "இட்லி. பொடியில எண்ணெயே ஊத்தல, அவ்ளோ கோவம்." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. விறகு எடுக்கப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

நவம்பர் 17

மழை நின்றுவிட்டது. ஹெலிகாப்டர் வரவில்லை.

நவம்பர் 18

தண்ணீர் இறங்குகிறது. காலையில் மூழ்கியிருந்த சரளை மதியம் வெளியே தெரிந்தது. கலங்கல் தெளிந்து பச்சையாகிக்கொண்டு வருகிறது. நான் மணியிடம் சொல்லவில்லை. ஆனால் அவன் படுத்துக்கொண்டே காதால் கண்டுபிடித்துவிட்டான்.

"ஏட்டி, சத்தம் மாறிட்டு. தண்ணி எறங்கிருக்கா?"

"கொஞ்சம் எறங்கிருக்கு."

"கேட்டப் போயிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இடது பக்கம்?"

"தெரியுது."

மணி மக்ரூன் ஒன்றை எடுத்து வாயில் போட்டான், மென்று விழுங்க முடியாமல் துப்பினான்.

"சாகுல் போயிச் சேந்திருந்தா இதுக்குள்ள யாராச்சும் வந்துருக்கணும்லா" என்றான்.

நான் டீயை டம்ளரில் ஊற்றினேன்.

"கால் நாத்தம் எனக்கே அடிக்கிட்டி. நீ ஒரு எட்டு போறியா?"

நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். நிமிராமலே, "எனக்குக் கண்ணு சரியில்ல மணி" என்றேன்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். திட்டுவான் என்று நினைத்தேன். என்னட்டி விளையாடுதியா, நான் செத்துக்கிட்டு இருக்கேன் என்று கத்துவான் என்று நினைத்தேன். அவன், "சரி" என்றான். அப்புறம், "டீக்குச் சீனி கெடக்கா?" என்று கேட்டான்.

எனக்கு வந்த கோபத்தில் டம்ளரை ஆற்றில் எறியலாம் போல் இருந்தது. அவன் என்மேல் கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பயம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆள் வராமல் நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாதவள் அந்த மாதிரிப் பாய்ச்சலில் இறங்கினால் அது தைரியம் இல்லை, முட்டாள்தனம். நான் போய் மாட்டிக்கொண்டால் மணிக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. நன்றாகத் தூங்கிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம்.

நவம்பர் 19

தூங்கினேன். நல்ல வெயில். மணிக்கு வேண்டியதை எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தேன். கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு பாட்டில், அரிசிக் கஞ்சி, துண்டு, டப்பா. அவன் ஒவ்வொன்றாக வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான், எதற்கு என்று கேட்கவில்லை. படகைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே உட்கார்ந்தேன். படகின் வாயை மூடுகிற ரப்பர்ப் பாவாடையை இடுப்பைச் சுற்றி மாட்டினேன். ஓரம் சரியாகப் பிடிக்கவில்லை. எலாஸ்டிக் தளர்ந்திருக்கிறது. அது பாதியில் கழன்றால் படகுக்குள் தண்ணீர் ஏறிவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. எடுத்து மாட்டினேன், எடுத்து மாட்டினேன். வெயில் தலைக்கு மேலே வந்துவிட்டது. அதற்கு மேல் கிளம்பினால் வழியில் இருட்டிவிடும் என்று இறங்கிவிட்டேன்.

கயிறு வைத்து எலாஸ்டிக்கை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன். இப்போது சரியாக இருக்கிறது. நாளைக்குக் காலையிலேயே கிளம்ப வேண்டும்.

திரும்பி வந்தபோது மணி கஞ்சியைத் தொடவே இல்லை. கால் விரல்கள் கறுத்துவிட்டன. கறுப்பு மேலே ஏறுகிறது. நாற்றத்தை எழுத முடியாது, அதற்குள்ளேதான் சோறு தின்கிறேன்.

"வலிச்சுதுன்னு பேச்சிட்ட சொல்லாத என்னா" என்றான்.

"நீயே போயிச் சொல்லிக்க. நா என்ன உனக்குத் தூதா?" என்றேன்.

நவம்பர் 20

விடிந்ததும் முனைப் பாறைக்குப் போனேன். ரெண்டாம் கேட்டில் தண்ணீர் இன்னும் இறங்கி, இடது ஓர வழி ஒரு மேசை அகலத்துக்குத் தெரிந்தது. நான் பார்த்தது அதை இல்லை. குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மஞ்சள் நிறம் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. முழங்காலில் நின்று மாதாவே மாதாவே என்றேன். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

ஓடிவந்து மணியின் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னையப் போன்னு சொல்லுலே. ஒரே ஒருதடவ சொல்லு. நீ சொன்னா போயிருவேன்" என்றேன்.

கண்ணைத் திறக்கவே அவனுக்கு நேரம் பிடித்தது. "கண்ணு சரியாச்சா?" என்றான்.

"இல்ல."

"அப்பம் எப்பிடிச் சொல்லுவேன்? நா சொல்லி நீ போயி, அதுல மாட்டிக்கிட்டியன்னா? அது என்னால ஆவாதுட்டி."

"நா கேக்கத்தான செய்யுதேன். அந்தச் சட்டமெல்லாம் இப்பம் எதுக்கு?"

"இப்பத்தான் அது தேவை" என்றான். சிரித்தானா என்று தெரியவில்லை, பல் தெரிந்தது. "பக்கத்துல இரு. போதும்."

அவனே இருக்கச் சொல்லிவிட்டான்.

மதியத்துக்கு மேல் உளற ஆரம்பித்துவிட்டான். கிரேன் மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டு, கீழே நிற்கிறவனை விலகச் சொல்கிறான். என்னைப் பேச்சி என்று கூப்பிட்டு, மகள் பரிட்சை எப்படி எழுதினாள் என்று கேட்டான். நன்றாக எழுதினாள் என்றேன். இந்த நிலைமையில் இருக்கிறவனை எப்படி விட்டுப் போவது? யாரால் முடியும்? ஈரத் துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 21

மணி போய்விட்டான்.

விடிகிற நேரம். நான் அவன் கையைப் பிடித்தபடி கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது கை அப்படியேதான் இருந்தது, ஆனால் வேறு மாதிரி இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஏலே ஏலே என்று அடித்தேன். மூன்றாம் வகுப்பில் என் ஸ்லேட்டை உடைத்துவிட்டுத் தன் ஸ்லேட்டைத் தந்தவன். என் கல்யாணம் முறிந்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் மாதம் முழுக்கத் தினமும் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனவன். எனக்கு இவனை விட்டால் யாரும் இல்லை. இப்படி ஒரு நட்பு இனி எனக்குக் கிடையாது. கத்தினேன். பாறை இரண்டு பக்கமும் திருப்பிக் கத்தியது.

முகத்தைக் கழுவி, தலை சீவிவிட்டேன். தூங்கும் பையில் வைத்து மூடி, மேலே கல் அடுக்கினேன். அவன் வீட்டு வழக்கப்படி என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. எங்கள் வழக்கப்படி சிலுவை போட்டேன். தப்பென்றால் அவன் ஒன்றும் நினைக்க மாட்டான். மக்ரூனை ஆற்றில் கொட்டினேன். மிச்சமிருந்த நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 22

பாலத்தடியில், போலீஸ் கூடாரத்தில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் கிளம்பிவிட்டேன். ஏன் கிளம்பினேன் என்றால் அங்கே இருக்க ஒன்றும் இல்லை. பாவாடையை மாட்டினேன், பிடித்துக்கொண்டது. யோசிக்கக்கூட இல்லை. முதல் படி, அப்புறம் இடது ஓரம், சுவரை ஒட்டி நாலு துடுப்பு வீச்சு, அப்புறம் மூன்றாவது படி. முடிந்துவிட்டது. குழி வலது பக்கம் தூரத்தில் இரைந்துகொண்டு கிடந்தது. கீழே வந்து திரும்பிப் பார்த்தேன். தலைமுடி நனையவில்லை.

நான் கத்தினேன், இல்லை சிரித்தேன், என்னவென்று தெரியவில்லை.

வளைவு தாண்டிக் கொஞ்ச தூரம் அமைதியான தண்ணீர். பிறகு சின்னதாக ஒரு சலசலப்பு. பிறகு பாறைச் சுவர் அகன்றது, வெயில் வந்தது, பாலம் தெரிந்தது. ஒரு டீ போட்டுக் குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. பாலத்தின் மேல் ஆட்கள் நின்று கையைக் காட்டினார்கள். கரையில் சாகுலின் மஞ்சள் படகைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

சாகுல் பாலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான். பதினாறாம் தேதி ஊர்க்காரர்கள் அவன் உடலைத் தண்ணீரிலிருந்து எடுத்திருக்கிறார்கள். மேலே இன்னும் ஆட்கள் இருக்க வேண்டும் என்று அவர்களாகவே ஊகித்துப் போலீஸுக்குச் சொல்ல, போலீஸ் வந்து, ராணுவத்தைக் கூப்பிட்டு, எல்லோரும் இங்கேயே கிடந்திருக்கிறார்கள். ஹெலிகாப்டர் பிளவுக்குள் நுழைய முடியாது. பாறை மேலிருந்து கயிற்றில் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள், எட்டவில்லை. ஆற்றை எதிர்த்து மேலே வரவும் முடியாது, மேலிருந்து ஆற்றோடு இறங்கி வரப் படகு இன்னும் வந்து சேரவில்லை. கூடாரத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார், தமிழர் இல்லை, சின்ன வயசு. பதினெட்டாம் தேதியிலிருந்து மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாராம். மணி எப்போது இறந்தார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நேற்றுக் காலை என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

தாபோ என்கிற கான்ஸ்டபிள் டீ கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் மூன்று நாலு நாளாக இப்படியேதான் இருக்கிறது, நல்லவேளை மறுபடி மழை இல்லை என்று இந்தியில் சொன்னார். மேலே எப்படி இருந்தது என்று இவர்களுக்கு என்ன தெரியும்? பாறைக்குள் இருக்கிற தண்ணீர் வேறு, வெளியே தெரிகிற தண்ணீர் வேறு. இன்றைக்குத்தான் அது அவ்வளவு இறங்கியிருந்தது. நேற்று அப்படி இல்லை. முந்தாநாளும் இல்லை.

நவம்பர் 23

ஒன்றும் எழுத முடியவில்லை. சாகுலின் அண்ணன் போனில் அழுதார்.

நவம்பர் 25

பெரிய ரப்பர்ப் படகு நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. நாங்கள் கயிறு கட்டி இறங்கிய அருவிக்குக் கீழே அதை இறக்கி, ஆறு பேர் போய் மணியைக் கொண்டுவந்துவிட்டார்கள். வேறு வழி கிடையாது, ரெண்டாம் கேட்டு வழியாகத்தான் அவனும் வந்திருக்கிறான். வந்தவர்கள் நனைந்த உடுப்போடு வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். அதில் ஒருவன் என்னிடம், அக்கா நீங்கள் அடுக்கியிருந்த கல்லைப் பார்த்தோம், எப்படித் தனியாகச் செய்தீர்கள் என்று கேட்டான்.

மதியம் தாபோ தன் போனைக் கொண்டுவந்து நீட்டினார். பேச்சி.

அவள் பக்கம் வீடு நிறைய ஆட்கள் இருக்கிற சத்தம் கேட்டது.

"யக்கா" என்றாள். "ரொம்ப வலிச்சிச்சாக்கா அவியளுக்கு?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டான்."

"என்னையக் கேட்டாவளா?"

"உன்னையவேதான் கேட்டான். பொடியில எண்ணெ ஊத்தலன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்."

அவள் அழ ஆரம்பித்தாள். அழுது அடங்குகிற வரைக்கும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆற்றில் இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"யக்கா, இங்கன எல்லாரும் ஒங்களத்தான் பேசுதாவ" என்றாள். "எங்கம்ம கும்புட்டுக்கிட்டே இருக்கா. வேற யாராச்சும் இருந்தா அவுகவுக உசிரு பெருசுன்னு படக எடுத்துட்டுப் போயிருப்பாவ. நீங்க போவல. அவிய கையப் புடிச்சிக்கிட்டு இருந்திய. எம்பிள்ளைய நா அதச் சொல்லித்தாங்க்கா தேத்துதேன். அப்பா தனியாப் போவலட்டி, ஜெசி அத்த கூட இருந்தான்னு."

நான் ம் என்றேன்.

"நீங்க மட்டும் போயிருந்தியன்னா என்னக்கா ஆயிருக்கும், நெனச்சுப் பாருங்க. அனாதையாக் கெடந்து செத்துருப்பாவ."

"ஆமா பேச்சி" என்றேன்.